லேப்ராஸ்கோபி முடிந்தது, பாத்ரூம் ஓட்டம் ஏன் முடியவில்லை?

மலக்குடல் புற்றுநோய்க்கு இன்று லேப்ராஸ்கோபி என்ற துளைவழி முறையில், வயிற்றை நீளமாகக் கிழிக்காமலே அறுவை செய்துவிட முடிகிறது. தொப்புள் பக்கத்தில் ஒன்று, இரு பக்கமும் மூன்று நான்கு என்று சின்னச் சின்னத் துளைகள், வெட்டிய குடலை வெளியே எடுக்க அடிவயிற்றில் ஒரு சிறு கீறல். சிக்கல் எதுவும் இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் வீட்டுக்குப் போய்விடலாம். பார்க்க வரும் சொந்தக்காரர்கள் ‘இவ்வளவுதானா தழும்பு!’ என்று ஆச்சரியப்படுவார்கள். அதே மனிதர் சில மாதம் கழித்து, இரண்டு இட்லி சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் நான்கு தடவை பாத்ரூமுக்கு ஓடுவது அவர்கள் கண்ணில் படாது. அவரும் சொல்லிக்கொள்ள மாட்டார். கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் உடம்பு சரியில்லை என்பார். வெளியூர்ப் பயணம் என்றால் மகனை அனுப்பிவைப்பார்.

தழும்பின் நீளத்துக்கும் இந்த ஓட்டத்துக்கும் தொடர்பு மிகக் குறைவு. வயிற்றில் போட்ட துளையின் அளவு முதல் சில வாரங்களின் வலியையும் படுக்கை நாட்களையும் தீர்மானிக்கிறது. அதற்குப் பிந்தைய வருடங்களைத் தீர்மானிப்பவை வேறு: மலக்குடல் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, கதிர்வீச்சு கொடுத்தார்களா, குடலை எந்த உயரத்தில் இணைத்தார்கள், இணைப்பில் கசிவு வந்ததா. அறுவைக்கு முன் நடக்கும் பேச்சில் முதல் விஷயத்துக்குக் கிடைக்கும் நேரத்தில் கால்வாசிகூட இரண்டாவதற்குக் கிடைப்பதில்லை.

மலக்குடல் என்பது பெருங்குடலின் கடைசி 15 சென்டிமீட்டர். இதற்கு இரண்டு வேலைகள். ஒன்று, சேர்த்துவைப்பது. மேலேயிருந்து மலம் இறங்க இறங்க அதன் சுவர் தளர்ந்து கொடுக்கும், அழுத்தம் ஏறாது. அதனால்தான் உணர்வு வந்தாலும் அரை மணி நேரம், ஒரு மணி நேரம் தள்ளிப்போட முடிகிறது. இரண்டாவது, ஆசனவாயோடு சேர்ந்து தகவல் சொல்வது. மலக்குடல் நிறையும்போது உள் சுருக்குத் தசை ஒரு கணம் தளரும். வந்திருப்பது வாயுவா, தண்ணீரா, கெட்டியா என்று ஆசனவாயின் மேற்பகுதித் தோல் அந்த ஒரு கணத்தில் கண்டுபிடித்துவிடும். பக்கத்தில் ஆள் இருக்கும்போது வாயுவை மட்டும் அடக்கிவைக்க முடிகிறதே, அது இந்த ஏற்பாட்டின் தயவு. நாம் யாரும் ஒரு நாளும் இதைப் பற்றி யோசிப்பதில்லை.

கட்டி மலக்குடலின் நடுவிலோ கீழேயோ இருந்தால், மலக்குடலை அதைச் சுற்றியிருக்கும் கொழுப்பு உறையோடு முழுதாக எடுத்துவிட்டு, மேலே இருக்கும் பெருங்குடலை இழுத்துக் கொண்டுவந்து, ஆசனவாய்க்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே இணைக்கிறார்கள். மொட்டை மாடித் தொட்டியைக் கழற்றிவிட்டு மோட்டார்க் குழாயை நேரே குழாயடியில் மாட்டியது போல ஆகிவிடுகிறது. இழுத்துவந்த குடலுக்குத் தள்ளத் தெரியும், தேக்கிவைக்கத் தெரியாது. சாப்பாடு வயிற்றில் விழுந்ததும் பெருங்குடல் இயல்பாகவே ஒரு முறை சுருங்கும். முன்பு அந்த வேகத்தை மலக்குடல் வாங்கிக்கொண்டது, இப்போது அது நேரே வாசலில் வந்து நிற்கிறது. இணைப்புக்காக ஆசனவாய் வழியே நுழைக்கும் ஸ்டேப்ளர் கருவி உள் சுருக்குத் தசையை இழுத்துவிடலாம். இடுப்புக் குழிக்குள் ஓடும் மெல்லிய நரம்புகள் அடிபடலாம். கதிர்வீச்சு கொடுத்திருந்தால் தசையும் மிச்சக் குடலும் விறைத்துப்போகும், வளைந்து கொடுக்காது.

இவை எல்லாம் சேர்ந்து வரும் தொல்லைகளுக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘லோ ஆன்டீரியர் ரிசெக்ஷன் சிண்ட்ரோம்’, சுருக்கமாக லார்ஸ். அடிக்கடி போவது, போய்விட்டு வந்து உட்காரும் முன்பே திரும்பப் போவது, அவசரம், கசிவு, உள்ளாடையில் கறை, முழுதாக வெளியேறாத உணர்வு. சிலருக்கு ஒரு நாள் முழுக்க ஒன்றுமே வராது, மறுநாள் காலையில் இரண்டு மணி நேரம் பாத்ரூமை விட்டு நகர முடியாது. இன்று எப்படி இருக்கும் என்று தெரியாமல் இருப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தொல்லை என்று சொல்பவர்கள் உண்டு. 2020-ல் நோயாளிகளையும் சேர்த்துக்கொண்டு வகுக்கப்பட்ட சர்வதேச வரையறையில், நிச்சயமின்மை தனி அறிகுறியாகவே இடம்பெற்றிருக்கிறது. எட்டு அறிகுறிகளில் ஒன்றும், எட்டு விளைவுகளில் ஒன்றும் இருந்தால் லார்ஸ் என்கிறது அந்த வரையறை. விளைவுகள் பட்டியலில் கழிப்பறையைச் சார்ந்தே வாழ்வது, எந்நேரமும் அதே நினைப்பாக இருப்பது, தாம்பத்தியம், வேலை, மனநிலை எல்லாம் வருகின்றன.

இது ஒரு வகையில் வெற்றி கொண்டுவந்த பிரச்சினை. 1908-ல் இங்கிலாந்தின் எர்னஸ்ட் மைல்ஸ் விவரித்த அறுவையில் மலக்குடலோடு ஆசனவாயையும் எடுத்துவிடுவார்கள், வாழ்நாள் முழுக்க மலம் சேர வயிற்றில் பை. 1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் கிளாட் டிக்சன், மேல்பகுதிக் கட்டிகளுக்கு ஆசனவாயைக் காப்பாற்றிக் குடலை இணைக்கலாம் என்று தன் நோயாளிகளின் கணக்கோடு காட்டினார். 1970-களில் வட்ட ஸ்டேப்ளர் பரவிய பிறகு, கை எட்டாத ஆழத்திலும் இணைப்புப் போட முடிந்தது. பிறகு இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக்கில் அறுவை மருத்துவர் பில் ஹீல்ட். மலக்குடலைச் சுற்றிய கொழுப்பு உறையைக் கிழியாமல் முழுதாக எடுத்தால் அதே இடத்தில் புற்றுநோய் திரும்புவது மளமளவென்று குறையும் என்று 1982-லிருந்து எழுதினார், சொல்லிக் கொடுத்தார், ஊர் ஊராகப் போய்ச் செய்தும் காட்டினார். 20, 30 சதவீதம் என்று இருந்த மறுவருகை பல இடங்களில் பத்துக்கும் கீழே போனது. ஆக, ஆட்கள் பிழைத்தார்கள், பையும் தப்பியது. அப்புறம்தான் அந்த இணைப்பை வைத்துக்கொண்டு எப்படி நாளை ஓட்டுவது என்ற கேள்வி எழுந்தது.

அந்தக் கேள்வியை எண்ணாக மாற்றியவர்கள் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரத்து மருத்துவர்கள் கத்ரீன எமர்ட்சனும் சோரன் லார்பெர்கும். 2012-ல் அவர்கள் வெளியிட்ட லார்ஸ் மதிப்பெண்ணில் ஐந்தே கேள்விகள், மொத்தம் 42. வாயுவை அடக்க முடியாமல் போகிறதா: அதிகபட்சம் 7. தண்ணீராக மலம் கசிகிறதா: 3. ஒரு நாளைக்கு எத்தனை முறை: ஏழு முறைக்கு மேல் என்றால் 4, நான்கிலிருந்து ஏழு என்றால் 2, ஒரு முறைக்கும் குறைவு என்றால் 5. போய்விட்டு வந்த ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி போக வேண்டியிருக்கிறதா: வாரம் ஒரு முறைக்குக் குறைவாக என்றால் 9, அதற்கு மேல் 11. ஓட வேண்டிய அளவு அவசரம் வருகிறதா: 11 அல்லது 16. கூட்டினால் 20 வரை தொல்லை இல்லை, 21 முதல் 29 வரை லேசானது, 30-உம் அதற்கு மேலும் கடுமையானது.

இந்த எண்களைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். ஒருவர் நாளைக்கு ஒன்பது தடவை போகிறார், ஆனால் நிதானமாக, விட்டுவிட்டு, அவசரமில்லாமல் போகிறார். அவருக்கு 4 மதிப்பெண்தான், தொல்லை இல்லை என்ற வகை. இன்னொருவர் மூன்றே தடவை போகிறார், எண்ணிக்கைக்குச் சுழியம். ஆனால் அந்த மூன்றும் ஒரு மணி நேரத்துக்குள் அடுத்தடுத்து வருகின்றன (11), ஒவ்வொன்றும் ஓட வைக்கிறது (16), வாயு அடங்குவதில்லை (7). 34, கடுமையான லார்ஸ். மருத்துவமனையில் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ‘எத்தனை தடவை போறீங்க?’ என்பது. இவர் ‘மூணு தடவை’ என்பார். ‘நல்லா இருக்கு, அடுத்த முறை ஸ்கேனோடு வாங்க’ என்று அனுப்பிவிடுவார்கள். யார் மேலும் தப்பில்லை, கேள்விதான் தப்பு. மதிப்பெண்களின் எடையை மருத்துவர்கள் உட்கார்ந்து யோசித்துப் போடவில்லை. சுமார் ஆயிரம் நோயாளிகளிடம் எது உங்கள் வாழ்க்கையைக் கெடுக்கிறது என்று கேட்டு, அதன்படி போட்டார்கள். அவசரத்துக்கு 16-உம் கசிவுக்கு வெறும் 3-உம் வந்தது அப்படித்தான்.

குறை இல்லாத அளவுகோலா என்றால், இல்லை. முழுதாக வெளியேறாமல் சிரமப்படுபவர்களை இது சரியாகப் பிடிப்பதில்லை. அதோடு, அறுவையே செய்யாத மனிதர்களுக்கும் மதிப்பெண் ஏறும்: 50 முதல் 79 வயது வரையுள்ள சாதாரண டென்மார்க் மக்களிடம் கேட்டபோது பெண்களில் 18.8 சதவீதம், ஆண்களில் 9.6 சதவீதம் பேர் 30-உம் அதற்கு மேலும் வாங்கினார்கள். மலக்குடல் அறுவை செய்தவர்களில் இது எவ்வளவு? பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2018-ல் வந்த கணக்கு 41 சதவீதம் என்றது. எல்லாருக்கும் வருவதில்லை, ஆனால் அரிதும் இல்லை.

சரி, துளை போட்டுச் செய்தால் இது குறைகிறதா? ஐரோப்பாவை மையமாகக் கொண்டு, கொரியா, கனடா மருத்துவமனைகளும் சேர்ந்து நடத்திய கலர் 2 ஆய்வில் 1,044 பேரை லேப்ராஸ்கோபி, திறந்த அறுவை என்று குலுக்கல் முறையில் பிரித்தார்கள். மூன்று வருடத்தில் இடுப்புப் பகுதியில் நோய் திரும்பியது இரு பக்கமும் 5 சதவீதம். ரத்த இழப்பு லேப்ராஸ்கோபியில் குறைவு, மருத்துவமனை நாட்களும் குறைவு. வாழ்க்கைத் தரம்? வித்தியாசம் இல்லை. சிறுநீர், தாம்பத்திய விஷயங்களிலும் இல்லை. சின்னக் கீறல் போட்டால் எல்லாமே நன்றாக இருக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்தான், ஆனால் யோசித்தால் இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. வயிற்றுச் சுவரில் எப்படி நுழைந்தாலும் உள்ளே எடுப்பது அதே மலக்குடல், இணைப்பதும் அதே இடத்தில்.

ரோபோக் கைகளை இயக்கித் துளைவழி செய்யும் அறுவையிலும் கதை ஏறக்குறைய இதேதான், ஒரு திருப்பத்தோடு. 2017-ல் வெளிவந்த ரோலார் ஆய்வில் 471 பேர். துளைவழி தொடங்கிப் பாதியில் வயிற்றைத் திறக்க வேண்டிவந்தது லேப்ராஸ்கோபியில் 12.2 சதவீதம், ரோபோவில் 8.1. புள்ளியியல்படி இதை வித்தியாசம் என்று சொல்ல முடியாது. ஆறு மாதம் கழித்துக் கேட்டபோது சிறுநீர், பாலுறவுச் செயல்பாடும் ஒன்றுதான். ஆனால் 2025-ல் சீனாவிலிருந்து வந்த, பதினொரு மருத்துவமனைகளில் 1,240 பேரை வைத்து நடந்த ரியல் ஆய்வில் ரோபோ பக்கம் அனுகூலம் தெரிந்தது: மூன்று வருட மறுவருகை 1.6 சதவீதம், லேப்ராஸ்கோபியில் 4. சிறுநீர், பாலுறவு போன்ற செயல்பாடுகளிலும் ரோபோ கொஞ்சம் முன்னால் நின்றது. அங்கே அறுவை செய்தவர்கள் எல்லாரும் அதில் நன்றாகக் கை பழகிய நிபுணர்கள். குறுகிய இடுப்புக் குழிக்குள் நரம்புகளைப் பெரிதாக்கிப் பார்த்து ஒதுக்க முடிவது உண்மையான லாபமாக இருக்கலாம். அதற்காக விளம்பரப் பலகையில் ‘ரோபோ’ என்று எழுதியிருப்பதை வைத்து லார்ஸ் வராது என்று யாரும் நம்பிவிட வேண்டாம்.

புதுமை என்பதற்காகவே ஓடிப்போவதன் விலையை நார்வே பார்த்தது. ஆசனவாய் வழியாகக் கீழிருந்து மேலே மலக்குடலைப் பிரித்தெடுக்கும் முறை 2010-க்குப் பிறகு வேகமாகப் பரவியது, தாழ்வான கட்டிகளுக்கு இதுதான் தீர்வு என்ற பேச்சும் இருந்தது. நார்வேயில் அப்படிச் செய்தவர்களைத் தொடர்ந்து பார்த்தபோது, இரண்டரை வருடத்துக்குள் இடுப்பில் நோய் திரும்பும் விகிதம் 11.6 சதவீதம் என்று கணக்கு வந்தது, நாட்டின் பொதுவான விகிதமோ 2.4. அந்த முறையையே அங்கே நிறுத்திவைத்தார்கள்.

அப்படியானால் யாருக்குக் கடுமையாக வரும்? திரும்பத் திரும்ப நிற்கும் பதில் இரண்டு: கட்டி எவ்வளவு கீழே இருந்தது, கதிர்வீச்சு உண்டா. நெதர்லாந்தில் 1990-களின் பின்பாதியில் நடந்த ஆய்வில் பாதிப் பேருக்கு அறுவைக்கு முன் ஐந்து நாள் கதிர்வீச்சு கொடுத்தார்கள், மீதிப் பேருக்கு அறுவை மட்டும். பதினான்கு வருடம் கழித்து லார்ஸ் கேள்விகளைக் கேட்டபோது, கதிர்வீச்சு பெற்றவர்களில் 56 சதவீதம் பேருக்குக் கடுமையான தொல்லை இருந்தது. பெறாதவர்களில் 35. பதினான்கு வருடம்! ‘கொஞ்ச நாளில் சரியாகிவிடும்’ என்று சொல்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்திருக்கலாம். முதல் ஒன்றிரண்டு வருடங்களில் நிறையப் பேருக்கு நன்றாகவே தேறுகிறது. அதன் பிறகு மிச்சம் நிற்பது பெரும்பாலும் அப்படியே நிற்கும்.

தாழ்வான இணைப்பு போட்டவர்களுக்கு அது ஆறும்வரை சிறுகுடலை வயிற்றில் திறந்து தற்காலிகப் பை வைப்பார்கள். இரண்டு மூன்று மாதம், கீமோ இருந்தால் இன்னும் நீளும். அந்தக் காலம் முழுக்க வீட்டில் எல்லாரும் ஒரே தேதிக்காகக் காத்திருப்பார்கள்: பையை எடுக்கும் நாள். அதோடு கஷ்டகாலம் முடிந்தது என்று கோயிலுக்கு வேண்டுதல்கூட இருக்கும். உண்மையில் லார்ஸ் தொடங்குவதே அந்த வாரம்தான். மாதக்கணக்கில் வேலையில்லாமல் கிடந்த பெருங்குடலும் சுருக்குத் தசையும் திடீரென்று வேலைக்கு வருகின்றன. நாளைக்குப் பத்து, பதினைந்து தடவை, இரவில் மூன்று தடவை, இடையில் கசிவு. ஆசனவாயைச் சுற்றிய தோல் இரண்டே நாளில் வெந்துபோன மாதிரி எரியும். முன்பே யாராவது சொல்லியிருந்தால், பை எடுக்கும் முன்பே துத்தநாகக் களிம்பு வாங்கி வைத்திருக்கலாம், தேய்க்காமல் தண்ணீரால் கழுவி ஒற்றித் துடைக்கலாம், மாற்றுத் துணிக்கு ஒரு பை தயாராக வைத்திருக்கலாம். இந்தச் சின்னச் சின்ன ஏற்பாடுகளைச் சொல்லிக் கொடுக்க ஸ்டோமா நர்ஸ் (வயிற்றுப் பை வைத்தவர்களைக் கவனிக்கும் நர்ஸ்) இருக்கும் மருத்துவமனையில் செய்துகொள்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள்.

சிகிச்சை இல்லாமல் இல்லை. படிப்படியாகப் போகிறார்கள். முதலில் சாப்பாடு: எது சாப்பிட்டால் எத்தனை மணி நேரத்தில் ஓட வைக்கிறது என்று இரண்டு வாரம் நோட்டில் எழுதினால், பொதுப் பட்டியல்களைவிட நல்ல பதில் கிடைக்கும். காபி, பால், காரம், எண்ணெய்ப் பலகாரம், பச்சை வெங்காயம், பருப்பு வகைகள் வழக்கமான சந்தேக நபர்கள், ஆனால் ஒருவருக்கு ஆகாதது இன்னொருவருக்கு ஒன்றும் செய்யாது. பயந்துபோய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மோர்சாதத்திலேயே மாதக்கணக்கில் காலம் தள்ளுவது உடம்பை இளைக்க வைக்கும். இசப்கோலை மலச்சிக்கல் மருந்தாகவே நமக்குப் பழக்கம், ஆனால் தண்ணீராகப் போகிறவர்களுக்கு அது மலத்தைக் கெட்டிப்படுத்தவும் உதவும். லோபெரமைடு மாத்திரை குடலின் வேகத்தைக் குறைக்கிறது. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு எடுத்தால் நன்றாக வேலை செய்யும், அளவை மருத்துவரிடம் பேசித்தான் கூட்ட வேண்டும். வாந்திக்குக் கொடுக்கும் ஒன்டான்செட்ரான் குடும்பத்து மருந்துகளையும் சோதித்திருக்கிறார்கள். கொரியாவில் ஆண்களிடம் ராமோசெட்ரான் பலன் தந்தது.

இடுப்புத் தளத் தசைப் பயிற்சி பற்றி எல்லாக் கையேடுகளும் சொல்கின்றன. நெதர்லாந்தில் இதைக் குலுக்கல் முறையில் சோதித்தபோது மொத்தக் குழுவில் கசிவு மதிப்பெண் பெரிதாக மாறவில்லை, ஆனால் அவசரத் தொல்லை இருந்தவர்களுக்கு அதில் பலன் தெரிந்தது. அவர்களுக்குத்தானே அது அதிகம் தேவை.

இவை போதாதபோது, நாளுக்கு ஒரு முறையோ ஒன்றுவிட்ட நாளோ ஆசனவாய் வழியாக வெதுவெதுப்பான தண்ணீர் செலுத்திக் குடலின் கீழ்ப்பகுதியைக் காலி செய்யும் முறை இருக்கிறது. கேட்கும்போது முகம் சுளிக்க வைக்கும். அரை மணி, முக்கால் மணி நேரம் எடுக்கும், நர்ஸிடம் முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டும், இணைப்பு நன்றாக ஆறியிருக்க வேண்டும். ஆனால் அந்த அரை மணி நேரத்துக்குப் பதிலாக மீதி நாள் முழுக்கக் கையில் கிடைக்கிறது, பஸ்ஸில் ஏறலாம், கூட்டத்தில் உட்காரலாம். லார்ஸ் சிகிச்சைகளிலேயே இதற்குக் கிடைக்கும் வரவேற்பு மிகக் குறைவு, பலனோ ஒப்பீட்டில் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. இதற்கும் அடங்காவிட்டால், முதுகின் அடிப்பகுதி நரம்பைத் தூண்டும் சிறு கருவியைப் பொருத்துகிறார்கள். செலவு அதிகம், எல்லா ஊரிலும் கிடைக்காது.

கடைசி வழி நிரந்தரப் பை. இதைத் தோல்வியாகவே எல்லாரும் பார்க்கிறார்கள், மருத்துவர்கள் உட்பட. ஆசனவாயைக் காப்பாற்றியவர்களையும் நிரந்தரப் பையோடு வாழ்பவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளை காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தபோது, பை வைத்தவர்களின் வாழ்க்கைத் தரம் மோசம் என்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் கிடைக்கவில்லை. நாளைக்குப் பன்னிரண்டு தடவை ஓடுபவருக்குக் காலையில் ஒரு முறை பை மாற்றுவது விடுதலையாக இருக்கலாம். வெளியில் கழிப்பறை தேடி அலைய வேண்டிய ஊர்களில் இது சின்ன விஷயம் இல்லை.

இதற்கிடையில், மலக்குடலையே எடுக்காமல் இருக்க முடியுமா என்ற கேள்வி வலுத்துவருகிறது. சாவ் பாவ்லோவின் ஆஞ்செலிட்டா ஹப்ர்-காமா, கதிர்வீச்சும் கீமோவும் முடிந்து கட்டி முழுதாக மறைந்துவிட்டவர்களுக்கு அறுவை செய்யாமல் நெருக்கமாகக் கண்காணித்து, 2004-ல் அந்தக் கணக்கை வெளியிட்டார். அன்று அதை ஆபத்தான விளையாட்டு என்றார்கள், இன்று பெரிய மையங்களில் வழக்கமான பேச்சாகிவிட்டது. இன்னொரு பக்கம், தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்குக் கதிர்வீச்சைத் தவிர்த்துவிடலாமா என்று அமெரிக்காவில் நடந்த ப்ராஸ்பெக்ட் ஆய்வு, முதலில் கீமோ கொடுத்து, கட்டி சுருங்காதவர்களுக்கு மட்டும் கதிர்வீச்சு என்ற வழி நோயைக் கட்டுப்படுத்துவதில் பின்தங்கவில்லை என்று 2023-ல் காட்டியது. கட்டியில் ஒரு குறிப்பிட்ட மரபணுக் குறைபாடு உள்ள சிறு பிரிவினருக்கு டோஸ்டார்லிமாப் என்ற நோய் எதிர்ப்பு மருந்து மட்டுமே போதுமாகலாம். 2022-ல் முதல் பன்னிரண்டு பேருக்கும் கட்டி மறைந்தது.

அறுவைத் தேதி குறித்திருப்பவர் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. கட்டி ஆசனவாயிலிருந்து எத்தனை சென்டிமீட்டரில் இருக்கிறது? எனக்குக் கதிர்வீச்சு கட்டாயமா, இல்லாமல் முடியுமா? கட்டி மறைந்துவிட்டால் காத்திருந்து பார்ப்பீர்களா? மலக்குடல் எவ்வளவு மிஞ்சும்? பையை எப்போது எடுப்பீர்கள், எடுத்த பிறகு குடல் தொல்லைக்கு யாரைப் பார்க்க வேண்டும்? அறுவைக்கு முன்பே லார்ஸ் அபாயத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் போலார்ஸ் என்ற கருவி இருக்கிறது. வயது, பால், கட்டியின் உயரம், கதிர்வீச்சு போன்ற விவரங்களைப் போட்டால் மதிப்பெண் வரும். அறுவை ஏற்கெனவே முடிந்துவிட்டதென்றால், ஐந்து கேள்விகளுக்கும் பதிலை ஒரு தாளில் எழுதி அடுத்த பரிசோதனைக்குக் கொண்டுபோய், ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கொடுக்கும் முன்பே அதை மேசையில் வைக்கலாம்.